தூங்கி எழுந்ததும் அம்மா

அவளுடைய பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. மழலையர் மனநல ஆலோசகர். சொல்லி முடிப்பதற்குள் என் அறையில் இரண்டு பேர் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் காப்பகத்துக் குழந்தைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அவர்கள் அவளைத் தரை அத்தை என்று கூப்பிடுவார்கள். வந்ததும் செருப்பை வெளியே விட்டுவிட்டு, அறை மூலையில் போய்த் தரையில் உட்காருவாள். நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதில் பையை வைப்பாள். வயதில் எனக்கு ரொம்ப இளையவள் என்பதால் அவள் என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நான் இரண்டிலிருந்து மூன்று வயது வரை உள்ளவர்களின் அறைக்கு டீச்சர். ‘என்னுது’ என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்துகிற வயது அது. அறை நிறைய ராஜாக்களும் ராணிகளும். அவர்களுக்கு நானும் ஒரு ஆயாவும். இதில் வாரம் ஒருநாள் ஒருத்தி வந்து மூலையில் உட்கார்ந்து பார்ப்பாள் என்று நிர்வாகியம்மா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேவு பார்க்க ஆள் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன்.

“மூக்கு சிந்தத் தெரியாததுங்களுக்கு மனநலம் ஒண்ணுதான் குறைச்சலா?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “அதுங்களுக்குச் சிந்தத் தெரியாதுன்னுதானே டீச்சர் நீங்க சிந்திவிடறீங்க. என் வேலையும் கிட்டத்தட்ட அதுதான்” என்றாள். பதில் சொல்லத் தெரிந்தவள் என்று அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போயிற்று. காட்டிக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று.

மருந்து மாத்திரை கிடையாது. குழந்தையைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் என்னவோ செய்வது, அதுவும் கிடையாது. பார்ப்பாள். ஒரு குழந்தை ஏன் கடிக்கிறது, இன்னொன்று ஏன் பேச்சை நிறுத்திவிட்டது, வேறொன்று ஏன் சுவரை ஒட்டியே நடக்கிறது என்று பார்ப்பாள். பார்த்ததை எங்களிடமும் பெற்றவர்களிடமும் சொல்வாள். அதன்படி செய்வதும் செய்யாததும் எங்கள் இஷ்டம். அதிகாரம் என்று அவளுக்கு இம்மியளவும் கிடையாது. நாங்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு அவள் வாசல் தாண்டியதும் பழையபடி நடந்துகொண்டால், அடுத்த வாரம் வந்து அதையே மறுபடி சொல்வாள், முதல் தடவை சொல்வதுபோல.

“குழந்தைய மாத்தறது என் வேலை இல்ல டீச்சர். அதச் சுத்தி இருக்கிற பெரியவங்கள மாத்தறதுதான்” என்று ஒருநாள் சொன்னாள்.

“அதுக்கு உனக்கு ஒரு ஆயுசு பத்தாதும்மா” என்றேன். சிரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்தால் முட்டி என்ன ஆகும்?

இதுபோல இன்னும் சில காப்பகங்கள் அவள் பொறுப்பில் இருந்தன. பஸ் மாறிப் பஸ் மாறிப் போவாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் மழைக்காக அவளைக் கூட்டிப்போக வந்தவர், எங்கள் குட்டை நாற்காலி ஒன்றில் முக்கால்வாசி வெளியே தொங்க உட்கார்ந்துகொண்டு என்னிடம் குறைப்பட்டார். “நான் போய் ரிப்பேர் பண்ணா லிஃப்ட் மேல போகுது, கீழ வருது, எல்லார் கண்ணுக்கும் தெரியுது டீச்சர். இவ வேலைல எது மேல போச்சு, எது கீழ வந்துச்சுன்னு கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கறேன், பிடிபடவே இல்ல.” அவர்களுக்கு மீசை அரும்புகிற வயதில் ஒரு மகன். அம்மா வீட்டில் தரையில் உட்கார்ந்தாலே போதுமாம், ‘என்னம்மா, பேசப் போறியா?’ என்று கேட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவானாம்.

இன்ஸ்பெக்டர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். பெண் குழந்தை. எலும்பும் தோலுமாக, கண் மட்டும் முகத்தில் பாதி. அம்மா ஒரு சலவைக்கூடத்தில் வேலை, துணிகளை இஸ்திரி போட்டு அடுக்குவது. அப்பா லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாளை விட இல்லாத நாள் அதிகம். குழந்தை காலையில் வந்ததிலிருந்து கதவோரம் நிற்கும். உள்ளே வருகிறவர்கள் போகிறவர்கள் ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்க்கும். கதவுக்கு முதுகு காட்டாது. சாப்பாடும் அங்கேயேதான். அதனால்தான் இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தோம்.

பொம்மை எதையும் தொடாது. அதிலும் சாவி கொடுத்தால் தலையாட்டுகிற குரங்கு ஒன்று இருந்தது, அதைக் கண்டால் கத்திக் கத்தி வாந்தி எடுத்துவிடும். குரங்கென்றால் பயம் போலிருக்கிறது என்று நாங்கள் அதை ஒளித்துவைத்தோம். தரை அத்தை ஒரு காலை நேரத்தில் சீக்கிரம் வந்து, குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற நேரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மற்ற எல்லாரும் குழந்தையைப் பார்க்கும்போது இவள் பார்த்தது ஆயாவை.

“ஆயாம்மா, அவங்கம்மா கிளம்பறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவேன்? ஏதாவது பொம்மைய ஆட்டிக் காட்டுவேன், ஒளிச்சு வைக்கறதுக்கு முன்னாடி அந்தக் குரங்க. புள்ள அந்தப் பக்கம் திரும்புறப்ப அவங்கம்மா பின்பக்கமா நழுவிடும். எல்லாருக்கும் அப்பிடித்தான் பண்றது.”

“அப்ப குரங்கு வந்தா அம்மா காணாமப் போயிடறாங்க. நீங்களா இருந்தா அந்தக் குரங்கக் கொஞ்சுவீங்களா?”

 

அன்றைக்கு தரை அத்தை குழந்தையின் அம்மாவை உட்காரவைத்துப் பேசினாள். நழுவக் கூடாது. குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்து, அம்மா போகிறேன் என்று சொல்ல வேண்டும். அழும், அழட்டும். எப்போது வருவேன் என்று சொல்ல வேண்டும். இந்த வயதில் மணி தெரியாது, சாயங்காலம் தெரியாது. தெரிந்தது சாப்பாடும் தூக்கமும்தான். ஆகவே அதை வைத்தே சொல்ல வேண்டும்: சாப்பாடு, அப்புறம் தூக்கம், தூங்கி எழுந்ததும் அம்மா. எல்லாவற்றையும் விட முக்கியம், சொன்னால் சொன்னபடி வந்து நிற்க வேண்டும்.

அந்த அம்மா வந்து நின்றாள். சலவைக்கூடத்தில் வேலை முடிகிற நேரமும் எங்கள் குழந்தைகள் மதியத் தூக்கத்திலிருந்து எழுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஓட்டமும் நடையுமாக வருவாள். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வந்தாள். இன்னொன்று வழியில் அறுந்துபோனதாம், எடுக்க நின்றால் குழந்தை எழுந்துவிடும் என்று விட்டுவிட்டு வந்துவிட்டாள். வாரங்கள் போகப் போக இன்ஸ்பெக்டர் கதவை விட்டு நகர்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி, பிறகு மணல் தொட்டி வரைக்கும். பிறகு ஒருநாள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்துப் பையனின் வாளியைப் பிடுங்கி ‘என்னுது’ என்றது. தரை அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள். வாளியைப் பறிகொடுத்தவன் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான், எங்கள் இருவருக்கும் அது காதில் விழவில்லை.

அப்புறம் காப்பகம் முழுக்க அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தக் குழந்தை அழுதாலும் ஆயாவே ராகம் போட்டுச் சொல்வாள்: சாப்பாடு, தூக்கம், தூங்கி எழுந்ததும் அம்மா. எங்கள் இன்ஸ்பெக்டர் புதுசாக வந்து அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தான் பட்டுத் தெரிந்துகொண்டதுபோல அதையே சொல்லும்.

இன்ஸ்பெக்டரின் அம்மாவுக்கு வெளிநாட்டில் ஒரு வேலை அமைந்தது. ஒரு வீட்டில் தங்கி அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒப்பந்தப்படி இரண்டு வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. குழந்தையை அவளுடைய அக்கா வளர்ப்பதாக ஏற்பாடு. இதையெல்லாம் தரை அத்தையிடம் நடைவழியில் நின்று சொல்லிவிட்டு, “எப்பிடி மேடம் சொல்றது அவகிட்ட?” என்று கேட்டாள்.

போகாதே என்று சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது அவள் சொல்லக்கூடிய விஷயம் இல்லையாம். எப்படிச் சொல்வது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். பெட்டி அடுக்குவதைக் குழந்தை பார்க்கட்டும். அம்மா ரொம்ப தூரம் போகிறேன், ரொம்ப நாள் ஆகும், பெரியம்மா உன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று பல நாள் முன்னாலிருந்தே சொல்ல வேண்டும். இப்போதிலிருந்தே கூட்டிப்போகப் பெரியம்மா வரட்டும். ‘தூங்கி எழுந்ததும் பெரியம்மா’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் சாமான் அறையில் ஒத்திகைகூடப் பார்த்தார்கள். தரை அத்தைதான் குழந்தை வேஷம். கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, “எங்க போற?” என்று மழலையில் கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மேடம், நீங்க அப்பிடிக் கேட்டா எப்பிடி மேடம்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாப்பாவும் வரேன்” என்றாள் தரை அத்தை, விடாமல். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். குழந்தைகளுக்குக் காகிதம் எடுக்க அங்கே போயிருந்த நான், எடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

கிளம்புகிற நாள் காலையில் அவளேதான் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். வாசலில் குனிந்தாள். குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“சாப்பிடு. அப்புறம் தூங்கு. தூங்கி எழுந்ததும் அம்மா வந்துடுவேன்.”

எனக்குத் திக்கென்றது. அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் கையாட்டிவிட்டு மணல் தொட்டிக்கு ஓடிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அன்று குழந்தை தூங்கி எழுந்தபோது கதவில் பெரியம்மா நின்றாள். குழந்தை அவளைத் தாண்டி வெளியே பார்த்தது. அழவில்லை. பெரியம்மா தூக்கிக்கொண்டு போனாள். என்னிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: “நாங்கதான் சொல்ல வேணாம்னுட்டோம் டீச்சர். சொல்லி, இவ அழுது, காய்ச்சல் கீச்சல் வந்துட்டா அவ போகவே மாட்டா. கொஞ்ச நாள்ல குழந்தை மறந்துடும்.”

சில நாள் கழித்து, சாப்பாடு முடிந்த கையோடு குழந்தை தானாகப் போய்த் தன் பாயை விரித்துக்கொண்டது. மற்றதுகளைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பதற்குள் எங்களுக்கு நாக்கு தள்ளிவிடும், இது தானே படுக்கிறது. “தங்கம்னா தங்கம்” என்று ஆயா திருஷ்டி கழிக்காத குறை. பிறகு சாப்பாட்டுக்கு முன்னாலேயே படுத்தது. பிறகு காலையில் வந்ததுமே பாயைத் தேட ஆரம்பித்தது. மணல் தொட்டி, வாளி எதுவும் வேண்டாம். தூங்கும், எழும், மறுபடி தூங்கும். காய்ச்சல் இல்லை. பெரியம்மா டாக்டரிடம் காட்டினாள். ரத்தம் எடுத்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

தரை அத்தை வந்த அன்று அந்தப் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. நான் மற்றவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே அவ்வப்போது பார்த்தேன். மதியம் என்னைக் கூப்பிட்டாள்.

“கண்ண முழிச்சதும் எங்க பாக்கறாள்னு பாத்தீங்களா?”

அப்புறம்தான் நானும் கவனித்தேன். கண்ணைத் திறந்ததும் குழந்தை அசையாமல் கதவை மட்டும் பார்த்தது. கொஞ்ச நேரம். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது. இமை நடுங்குகிற அளவுக்கு இறுக்கமாக.

“தூக்கம் வரல அவளுக்கு. தூங்கி எழுந்தா அம்மா வருவாங்க. வரலன்னா, சரியாத் தூங்கலன்னு நினைக்கிறா. அதான் திரும்பத் திரும்பத் தூங்கிப் பாக்கறா. வேலை செய்யறா டீச்சர், காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும்.”

 எனக்கு ஒரு சந்தேகம். இத்தனூண்டு குழந்தைக்கு இவ்வளவு யோசிக்க வருமா? ஆயா நேரடியாகவே சொல்லிவிட்டாள்: “புள்ளைக்குச் சத்து பத்தல, அவ்ளோதான். நீங்க ரெண்டு பேரும் கதை கட்டாதீங்க.” தான் சொன்னதுதான் காரணம் என்பதற்குத் தரை அத்தையிடமும் நிரூபணம் எதுவும் இல்லை.

“அப்ப சொல்லிடேன்” என்றேன். “அம்மா வர மாட்டாங்கன்னு நீயே சொல்லிடு. இதோ இருக்கா, நீயும் இருக்க.”

“நான் சொல்லக் கூடாது டீச்சர். பெத்தவங்க சம்மதம் இல்லாம வீட்டு விஷயத்த நாங்க குழந்தைகிட்ட பேசக் கூடாது. பேசினா அது விதிமீறல். அதுவும் போக, நான் சொல்லி அவங்க வீட்ல வேற சொன்னா, அவ யாரத்தான் நம்புவா?”

பெரியம்மாவிடம் பேசினாள். பெரியம்மா எகிறிவிட்டாள். “உங்களுக்கென்ன மேடம், சொல்லிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி அழறத நான்ல தாங்கணும்? இப்ப அழாம இருக்கா. அத ஏன் கெடுக்கறீங்க?” அதற்குப் பதில் இருந்தது, ஆனால் பெரியம்மா நின்று கேட்கவில்லை. அவளையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுக்கே இரண்டு பிள்ளைகள், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

தரை அத்தை குழந்தையின் அப்பாவுக்குப் போன் போட்டாள். அந்த மனிதர் லாரியை ஓரங்கட்டிவிட்டு முழுதும் கேட்டார். பிறகு அழுதார். “நீங்க சொல்றது சரிதான் மேடம். அத அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது” என்றார். மேலதிகாரியிடம் கேட்டாள். பரிந்துரை கொடுத்தாயிற்றா, கொடுத்தாயிற்று என்றால் நம் வேலை முடிந்தது, ரொம்ப ஒட்டிக்கொள்ளாதே என்று அங்கிருந்து பதில். ‘ஒட்டிக்கொள்ளாதே’ என்று சொன்ன அந்த மகராசன் எந்தக் குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தானோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா வீடியோவில் பேசுவாளாம். பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. என்ன பேசுவாள் என்று தரை அத்தை கேட்டாள். “வேறென்ன, எல்லாத் தாயும் பேசறதுதான். சமத்தா இரு, நல்லா சாப்பிடு, நல்லா தூங்குன்னு.”

நல்லா தூங்கு. அதைக் கேட்டதும் தரை அத்தை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

நான் அப்போது பொறுமையை இழந்துவிட்டேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கையெட்டும் தூரத்தில் இருந்தவளைத் திட்டினேன். “நீ வர்றதுக்கு முன்னாடி அது யாரையும் நம்பல. கதவப் புடிச்சுட்டு நின்னுச்சு. அப்பிடியே இருந்திருந்தா பத்து நாள் கத்தி அழுதுட்டு ஓஞ்சிருக்கும். நம்பச் சொல்லிக் குடுத்தது நீ!”

“ஆமா டீச்சர்” என்றாள்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். என்னோடு சண்டை போட்டிருக்கலாம். ‘ஆமா’ என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். மறுநாள் அவள் வேறொரு காப்பகத்துக்குப் போக வேண்டும், அங்கே கடிக்கிற பையன் ஒருவன் காத்திருந்தான். பிறகு அவள் வீட்டுக்காரர் சொன்னார், அன்று வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தவளை எழுப்ப முடியவில்லையாம். மகன் மொட்டை மாடிக்கு ஓடவில்லை. எதிரில் உட்கார்ந்து, “பேசறியாம்மா?” என்று கேட்டானாம். பேச ஒன்றும் இல்லை என்றாளாம்.

குழந்தை மெலிந்துகொண்டே வந்தது. கூப்பிட்டால் திரும்பாது. மடியில் எடுத்தால் துணி மூட்டை மாதிரி கிடக்கும், கண்ணை மட்டும் இறுக்கிக்கொள்ளும். ஆயாகூட இப்போது தங்கம் என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் அதன் பாயை ஒளித்துவைத்துப் பார்த்தாள். குழந்தை வெறும் தரையில் படுத்துக்கொண்டது.

கடைசியில் தரை அத்தை, பெரியம்மாவிடம் கெஞ்சி அந்த நம்பரை வாங்கி, நேராக அந்த அம்மாவிடமே பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நிறைய நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று மட்டும் தெரியும். பேசி முடித்து வந்தவள், “சொல்றேன்னுட்டாங்க” என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

எங்கள் குழந்தைகள் மதியம் தூங்குகிற நேரமே அந்த வெளிநாட்டு வீட்டுக் கைக்குழந்தையும் தூங்குகிற நேரம். வேலைக்கு நடுவில் அவளுக்குக் கையொழிகிற வேளை அது ஒன்றுதான். அப்படியே முடிவாயிற்று. பெரியம்மாவும் வருவதாகச் சொன்னாள், வரவில்லை.

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்தேன். மின்விசிறிச் சத்தமும் குழந்தைகள் மூச்சு விடுகிற சத்தமும் மட்டும்தான். இன்ஸ்பெக்டர் தன் பாயில் கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தது. தரை அத்தை பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள், முகத்துக்கு நேர் முகமாக. பையை நிறுத்தி அதில் போனைச் சாய்த்து வைத்தாள்.

“கண்ணு” என்றது போன். “அம்மாடா.”

குழந்தை கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தது. பிறகு போனைப் பார்த்தது.

“அம்மா உங்கிட்டத் தப்பா சொல்லிட்டேன். தூங்கி எழுந்ததும் வருவேன்னு சொன்னேன்ல? அது பொய்டா. அம்மா ரொம்ப தூரத்துல இருக்கேன். இன்னிக்கி வர மாட்டேன். நாளைக்கும் வர மாட்டேன். ரொம்ப நாள் ஆகும். நீ தூங்குனாலும் அம்மாவால வர முடியாது, தூங்கலன்னாலும் வர முடியாது. நீ ஒரு தப்பும் பண்ணல. அம்மாதான் பண்ணேன்.”

ஒத்திகை பார்த்ததைவிட நன்றாகவே சொன்னாள். குரல் ஒரு இடத்தில்தான் உடைந்தது.

குழந்தை கொஞ்ச நேரம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. புரிந்துகொண்டதாகவும் எனக்குத் தெரியவில்லை, புரியாததாகவும் தெரியவில்லை. பிறகு தரை அத்தையின் பக்கம் திரும்பியது.

“பாப்பா தூங்க வேணாமா?”

அறைக் கோடியில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆயா அப்படியே நின்றுவிட்டாள்.

“வேணாம்டா” என்றாள் தரை அத்தை. “தூங்க வேணாம்.”

குழந்தை எழுந்து உட்கார்ந்தது. கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து சுருங்கியிருந்தது. அப்புறம்தான் அழுதது. முன்பு குரங்கைப் பார்த்துக் கத்திய அழுகை இல்லை இது. சத்தமே குறைவு. வாய் கோணி, உடம்பெல்லாம் குலுங்கி, நடுநடுவே ‘எப்ப, எப்ப’ என்று ஒரு சொல். எந்தக் குழந்தை ‘எப்ப’ என்று கேட்டாலும் அந்தக் குழந்தைக்குப் புரிகிற அளவில் ஒரு பதில் வைத்திருப்பவள் தரை அத்தை. இரண்டு வருஷத்தை எந்தச் சாப்பாட்டில், எந்தத் தூக்கத்தில் அளந்து சொல்வது? அழாதே என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினாள். குழந்தை அதைப் பிடிக்கவில்லை.

போன் அணையவில்லை. அந்தப் பக்கம் அம்மாவும் அழுதுகொண்டுதான் இருந்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அப்போது போனுக்குள்ளிருந்து வேறொரு அழுகை கேட்டது. பச்சைக் குழந்தையின் அழுகை. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி அந்தப் பக்கம். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. “மேடம்” என்றாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். திரை இருண்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் அழுகையை நிறுத்திவிட்டு அந்த இருண்ட திரையைத் தொட்டது.

“அம்மா எங்க போச்சு?”

தரை அத்தை என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. எனக்கு வாயில் பத்துப் பொய் வந்தது, அத்தனையும் நல்ல பொய். அவளுக்கு அது ஒன்றுதான் வராது.

“அங்க ஒரு பாப்பா தூங்கி எழுந்துடுச்சு” என்றாள். “அதப் பாக்கப் போயிருக்காங்க.”